பெயர்ப்பலகை இல்லாத விடுதி

தெராவோ ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் வெறும் காலுறையுமாக நின்றுகொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குறி வைத்ததுபோல அவருடைய பிடரியில் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வாசல் இறவாரத்தில் மண்ணால் ஒட்டவைத்த பழைய குருவிக்கூடு ஒன்று. அதற்குப் பக்கத்தில் கூரைப்புல் மெலிந்து, உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு அலுமினியப் பாத்திரம். அவர் நின்றது பாத்திரத்துக்கும் சொட்டுக்கும் நடுவில்.

"அங்க நிக்காதீங்க ஐயா, ஒழுகும்!" என்று உள்ளேயிருந்து விடுதிக்காரியின் குரல் வந்தது. "இதோ, செருப்பு எடுத்துட்டு வந்துட்டேன்!"

வரவில்லை. அலமாரி திறக்கும் சத்தம், மூடும் சத்தம், எதுவோ உருளும் சத்தம் எல்லாம் வந்தன. பிறகு கிசுகிசுப்பு.

"கழட்டுங்க."

"எதை?"

"கால்ல இருக்கறதை. சீக்கிரம்!"

விடுதிக்காரி ஓடிவந்து, வீட்டுக்குள் போடும் செருப்பு ஒரு ஜோடியை அவர் முன்னால் வைத்துக் குனிந்து வணங்கினாள். தெராவோ காலை நுழைத்தார். செருப்பு கதகதவென்று இருந்தது. அவளுக்குப் பின்னால், ஐஸ்கட்டி மாதிரி குளிர்ந்த பலகைத்தரையில், வெறுங்காலோடு ஒரு ஆள் நுனிவிரலில் நடந்து மறைந்தார்.

விருந்தாளிக்குச் செருப்பில்லாத விடுதி! தெராவோவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அந்த மூக்கை வைத்துத்தான் அவர் காலமெல்லாம் பிழைத்தார். நகோயாவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரி. கடை எரிந்துபோயிற்று என்று யாராவது அழுதுகொண்டு வந்தால், இவர் போய்ச் சாம்பலை மோந்துபார்த்து, அழுகையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மண்ணெண்ணெய் என்று சொல்லிவிடுவார். போன வசந்தத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய சந்தேகத்துக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

இப்போது அவர் விசாரிக்க வந்திருப்பது சொந்த வழக்கு. மகள் சிஹாரு, இந்த ஒகுதானி கிராமத்துக் குரமோச்சி வீட்டுப் பையன் கசுமாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். கட்டிக்கொண்டு நகோயாவிலேயே இருந்தாலும் பரவாயில்லை. வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் இந்த மலைக்கே குடிவரப் போகிறார்களாம். ஆறு மாதம் பனி, மிச்ச ஆறு மாதம் அந்தப் பனி எப்போது வரும் என்ற பேச்சு, அப்படிப்பட்ட ஊர். பையன் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, தெராவோ அவனைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டார். அதற்கு முந்தின நாள்தான் முடிவெட்டியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் முறைப்படி சந்திப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் அந்தக் குடும்பத்தின் லட்சணம் என்ன என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட வேண்டும். அதனால்தான் ஊரில் இருக்கும் ஒரே விடுதியான தோமியாவில், 'ஹயாமி' என்ற பொய்ப் பெயரில் ஒரு ராத்திரிக்கு அறை பிடித்திருந்தார். அம்மா இல்லாமல் வளர்ந்த பெண். அவளுக்குத் தன்னை விட்டால் யாரும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்வார். தனக்கும் அவளை விட்டால் யாரும் இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"விடுதிக்குப் பெயர்ப்பலகையே காணோமே?" என்று, வழியில் வீடு கண்ணில் பட்டபோதே அவர் கேட்டிருந்தார். விடுதிக்காரி மசயோ, தோமியா என்று எழுதிய பெரிய குடையோடு பஸ் நிறுத்தத்துக்கே வந்து அவரை அழைத்துக்கொண்டு வந்தாள்.

"பெயின்ட் அடிக்கக் குடுத்திருக்கோங்க."

"இந்தப் பனிக்காலத்துலயா?"

"பனியிலதாங்க நல்லாக் காயும்."

விடுதிக்கு அடுத்த வீட்டைத் தாண்டும்போது, ஏணிமேல் ஒரு ஆள் நின்று அந்த வீட்டு முகப்பில் எதையோ நீலத் தார்ப்பாயால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் விழாத குறையாக இறங்கி ஓடினார். அந்த வீட்டு ஜன்னலில் தெரிந்த ஒரு பெண் முகமும் சட்டென்று கீழே போனது. பிறகு தெராவோ விடுதிக்குள் நுழைந்தபோது, அதே ஏணிக்காரர் மூச்சு வாங்க எதிரே நின்று, "வாங்க, வாங்க! நான்தான் இங்க வீட்டுக்காரன், தெய்ஜி... விடுதிக்காரன்!" என்றார்.

வீட்டுக்கதவின் பக்கத்தில், கையகலத்துக்கு மட்டும் மரம் வெளுத்திருந்தது. மேலும் கீழும் இரண்டு ஆணித் துளைகள். தெராவோ எல்லாவற்றையும் மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டார்.

"இதுதாங்க உங்க ரூம்," என்று மசயோ பாய் விரித்த அறை ஒன்றைத் திறந்துவிட்டாள். "வர்றவங்க எல்லாரும் இதுலதான் தங்குவாங்க."

"எல்லாரும்னா? நிறைய பேர் வருவாங்களா?"

"வர்றவங்க எல்லாரும் வருவாங்க."

சுவரில் சதுரம் சதுரமாகச் சுத்தமான இடங்கள். சுற்றிலும் புகை படிந்த கறுப்பு.

"இங்க என்ன மாட்டியிருந்தது?"

"ஒண்ணும் மாட்டலையே! சுவரு கட்டும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு."

படுக்கை வைக்கும் அலமாரியை வைக்கோல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தார்கள். தெராவோ அதைப் பார்ப்பதை மசயோ பார்த்துவிட்டாள்.

"அதை மட்டும் திறந்துராதீங்க ஐயா."

"ஏன்? உள்ள என்ன இருக்கு?"

மசயோ திருதிருவென்று முழித்தாள். "குளிர்," என்றாள்.

"குளிரா?"

"உள்ள புடிச்சு வெச்சிருக்கோம். திறந்தா ரூம் பூரா வந்துரும்."

அவள் போய்ச் சேர்ந்த சத்தம் அடங்குவதற்குள் தெராவோ கயிற்றை அவிழ்த்தார். வாழ்க்கை முழுக்கப் பூட்டியதைத் திறந்து பழகிய கை. முதலில் கதவு ஒரு விரலளவு நகர்ந்தது. அப்புறம் அவர் நகர்த்தவில்லை, தானாகவே நகர்ந்தது. பனிச்சறுக்குக் கட்டை ஒன்று மண்டையில் விழுந்தது. ரைஸ் குக்கர், போர்வையில் சுற்றிய சட்டங்கள், சுருட்டிய நாள்காட்டிகள், மூன்று கம்பளிக்கோட்டுகள், பாதி பின்னிய ஸ்வெட்டர் என்று ஒரு குடும்பமே அவர் மேல் சரிய ஆரம்பித்தது. பதறிப்போய் முதுகைக் கொடுத்து அணை கட்டினார். கையில் கிடைத்ததை உள்ளே திணித்து, கதவை இழுத்துச் சாத்தினார். அது மறுபடியும் திறந்துகொண்டது. தரையில் கிடந்த கையகலச் சின்ன மரப்பலகை ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் ஆப்பாக அடித்துவைத்தார். எதையும் திருப்பிப் பார்க்காமல் விடாத மனிதர், பதற்றத்தில் அந்தப் பலகையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆப்பு நழுவிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து மசயோ தேநீரோடு வந்துவிட்டாள். தெராவோ அலமாரியில் முதுகை அழுத்திக்கொண்டு விறைப்பாக நின்றார். காலடியில் அவிழ்ந்த கயிறு கிடந்தது. மசயோ கயிற்றைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் எதுவும் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள்.

"உக்காந்து குடிங்களேன்."

"நான் நின்னுக்கிட்டேதான் குடிப்பேன். அப்பத்தான் எனக்குச் செரிக்கும்."

"டாக்டர் சொன்னாரா?"

"ஆமாம். பெரிய டாக்டர்."

"பாவம்," என்றாள் மசயோ. மனதார இரக்கப்பட்டாள்.

பொய் சொன்னதற்குப் பலன் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. அறை நடுவில் தரைக்குழி அடுப்பில் கரி கனிந்துகொண்டிருந்தது. ஆற்றுமீன்கள் குச்சியில் குத்தப்பட்டு, தலைகுனிந்து தீயைச் சுற்றி நின்றன. இலையில் வைத்துச் சுட்ட மிசோ என்ற சோயா விழுதின் வாசனை வயிற்றைக் கிள்ளியது. கணவனும் மனைவியும் தீப்பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். தெராவோவின் சாப்பாட்டுத் தட்டு மட்டும், தீயிலிருந்து தள்ளி, உயரமான துணிப்பெட்டியின் தலையில் இருந்தது. நின்றுகொண்டே சாப்பிட வசதியாக.

"டாக்டர் சொன்னதை மீறக்கூடாதுல்ல," என்றார் தெய்ஜி.

தெராவோ நின்றுகொண்டு ஒரு கவளம் சாப்பிட்டார். மீசையில் குளிர் ஏறியது. "மீன் சாப்பிடும்போது மட்டும் உக்காரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்று சொல்லித் தீயருகில் வந்து விழுந்தார். இனியும் தாமதிக்கக்கூடாது, வந்த வேலையைப் பார்க்க வேண்டும். மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"இந்த ஊர்ல குரமோச்சின்னு ஒரு குடும்பம் இருக்காமே?"

தெய்ஜியின் கையிலிருந்த மீன் சாம்பலில் விழுந்தது. மசயோவின் கரண்டி சட்டிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?" என்றார் தெய்ஜி.

"பஸ்ல யாரோ பேசிக்கிட்டாங்க. அவங்க வீடு எந்தப் பக்கம்?"

தெய்ஜி கிழக்கே கையைக் காட்டினார். அதே நேரத்தில் மசயோ மேற்கே காட்டினாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரிசெய்வதற்காக அவர் மேற்கே காட்டினார், அவள் கிழக்கே காட்டினாள்.

"பெரிய குடும்பம் போல, ரெண்டு பக்கமும் இருக்காங்க," என்றார் தெராவோ வறட்சியாக. "எப்படிப்பட்ட ஆளுங்க?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் யாரும் அடுத்த வீட்டைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்வதில்லை. அடுத்த வீட்டுக்காரர் திருடனாகவே இருந்தாலும், 'ராத்திரியில் கூட உழைக்கிறவர்' என்றுதான் சொல்வோம். குறை சொல்வதெல்லாம் சொந்த வீட்டைத்தான். யாராவது, 'உங்க பையன் கெட்டிக்காரன்' என்றால், 'அது ஒரு தண்டம்' என்று சொன்னால்தான் நமக்கு வாய் நிறையும். தெராவோவும் அப்படி வளர்ந்தவர்தான். ஆகவே 'நல்ல குடும்பம், நல்ல மனுஷங்க' என்ற வழக்கமான பூசிமெழுகலை எதிர்பார்த்து, அதற்குள்ளேயிருந்து உண்மையை எப்படிப் பிடுங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமில்லீங்க," என்றார் தெய்ஜி, தரையைப் பார்த்துக்கொண்டு. "சுமாரான ஆளுங்க."

தெராவோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுமார்னா?"

"அந்த வீட்டுக்காரன் ஒரு சோம்பேறி. ரெண்டு கிண்ணம் சாகே உள்ள போனாப் போதும், பாட ஆரம்பிச்சிருவான். பாட்டும் வராது."

"அது மட்டும் சத்தியம்," என்றாள் மசயோ.

தெய்ஜி மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "அந்தம்மா மட்டும் என்ன வாழுதாம்? வாயைத் திறந்தா மூடாது. ஊறுகாய் போடறேன்னு உப்பை அள்ளிக் கொட்டும். ஒரு துண்டு தின்னா ஒரு குடம் தண்ணி குடிக்கணும்."

"அப்படியா? அந்த ஊறுகாயை ஊரே கேட்டு வாங்கிட்டுப் போகுதுன்னுல்ல நான் கேள்விப்பட்டேன்."

"நான் கேள்விப்படலையே."

மசயோ, கணவனின் தட்டிலிருந்த பெரிய மீனை எடுத்துவிட்டு, விரல் நீள மீன் ஒன்றை வைத்தாள்.

தெராவோவின் இத்தனை வருட விசாரணையில் அடுத்த வீட்டை இப்படி வாய் கூசாமல் ஏசுகிறவர்களை அவர் பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களே நாகரிகத்தை விட்டுவிட்டு இவ்வளவு சொல்கிறார்கள் என்றால், அந்தக் குரமோச்சிகள் எப்பேர்ப்பட்ட ஆட்களாக இருக்க வேண்டும்!

"பையன் ஒருத்தன் இருக்கானாமே?" என்றார், குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு.

வாசல் பக்கம் 'டொக்' என்று பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"உதவாக்கரை," என்றாள் மசயோ. மெதுவாகச் சொன்னாள்.

"கடைஞ்செடுத்த உதவாக்கரை," என்றார் தெய்ஜி. "பாருங்க, அந்த வீட்டுக்குக் கூரை மாத்தறதுக்கு ஊரே திரண்டு வந்துச்சு. ஆளுக்கு ஒரு பக்கம் ஏறி வேயறாங்க. அவன்கிட்ட ஒரே ஒரு மூலையை விட்டாங்க. அந்த மூலைக்குக் கீழ குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருந்துச்சு. புல்லு அடிச்சா கூடு விழுந்துரும், குஞ்சு பறக்கட்டும், அப்புறம் நான் முடிக்கிறேன்னு இறங்கிட்டான்."

"அப்புறம் முடிச்சானா?"

"எங்க? குஞ்சு பறந்துச்சு. அதுக்குள்ள ஏணி, ஆளு எல்லாம் போயாச்சு. அடுத்த வருஷம் குருவி திரும்பி அதே கூட்டுக்கு வந்துச்சு. அதுக்கடுத்த வருஷமும் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை பறக்கட்டும்கறான். இன்னி வரைக்கும் ஒழுகுது அந்த வீடு."

"அப்பா அம்மா கண்டிக்கலையா?"

"அவங்களும் பாத்திரத்தை வெச்சுட்டு அண்ணாந்து குருவியைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்களாம். குடும்பமே அப்படி," என்று மசயோ பெருமூச்சு விட்டாள்.

குடிகார அப்பன், வாயாடி அம்மா, ஒரு மூலையைக்கூட முழுசாக முடிக்காத பையன், ஒழுகும் வீடு. தன் மகள் அந்த வீட்டு வாசலில் பாத்திரமும் கையுமாக நிற்பது தெராவோவின் கண்முன் வந்தது. சாகேயை ஒரே மடக்கில் விழுங்கினார்.

"நீங்க எதுக்குங்க அவங்களை விசாரிக்கிறீங்க?" என்று தெய்ஜி இப்போது கண்ணைச் சுருக்கினார்.

மாட்டிக்கொண்டோமா? தெராவோ சமாளித்தார். "எனக்கா? எனக்கு என்ன வந்தது? ஆபீஸ்ல ஒரு சிநேகிதர். அவர் பொண்ணுக்கு அந்த வீட்டுல பேசியிருக்காங்க. இந்தப் பக்கம் போறியே, கொஞ்சம் காதுல வாங்கிட்டு வான்னாரு."

கணவனும் மனைவியும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சாண் உயர்ந்தார்கள்.

"பொண்ணு எப்படிங்க?" என்றாள் மசயோ. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க பார்த்திருக்கீங்களா? நல்ல பொண்ணா?"

நல்ல பெண்ணா! தெராவோவின் நெஞ்சுக்குள் எத்தனையோ இருந்தது. தங்கம் என்று சொல்லலாம். அவள் வீட்டுக்குள் வந்தால் விளக்கே வேண்டாம் என்று சொல்லலாம். சிநேகிதரின் பெண்தானே, தாராளமாகப் புகழலாம். வாயைத் திறந்தார். பழகிய வாய், பழகிய பக்கம்தான் போனது.

"சுமார்தான்," என்றார்.

மசயோவின் முகம் சுருங்கியது. "சுமாரா?"

"பிடிவாதம் ஜாஸ்தி. சொன்ன பேச்சு கேக்காது. சமையல் சுத்தமா வராது. ஏழு வயசுல அம்மா போயிட்டா. அந்த மாசமே அப்பனுக்கு நான்தான் மதியச் சாப்பாடு கட்டுவேன்னு நின்னுச்சு. சோத்து உருண்டை பிடிச்சது. உப்புக்குப் பதிலா சர்க்கரை."

"அச்சச்சோ."

"அந்த முட்டாள் அப்பன், பிள்ளை மனசு நோகக்கூடாதேன்னு, பிரமாதம்னு சொல்லித் தொலைச்சான். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் தினம் சர்க்கரை உருண்டை. ஆபீஸ்ல அத்தனை பேரும் சிரிப்பாங்க."

"ஒருநாள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் தெய்ஜி.

"எப்படிச் சொல்றது? சாயங்காலம் வாசல்லயே நின்னுக்கிட்டு, டப்பாவைத் திறந்து பார்த்து, ஒரு பருக்கைகூட மிச்சமில்லைன்னு குதிக்கும். அந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்றது?" தெராவோ கிண்ணத்துக்குள் பார்த்தார். கொஞ்சம் கழித்து, "...ன்னு அவரு சொல்லுவாரு. அசட்டுப் பொண்ணு. அசட்டு அப்பன். எனக்கென்ன!" என்று முடித்தார்.

மசயோ அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "புகை," என்றாள். கரி கனிந்த அடுப்பில் புகையே இல்லை என்பதைத் தெராவோ குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவருடைய சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது. பெரிய மீன், கணவனுக்குக் கொடுக்காமல் எடுத்துவைத்த அதே மீன், அவர் தட்டுக்கு வந்தது. தெய்ஜி எழுந்துபோய், எங்கேயோ மறைத்து வைத்திருந்த உயர்ந்த சாகேயைக் கொண்டுவந்து ஊற்றினார். உட்காரும் மெத்தை ஒன்றுக்கு இரண்டாக வந்தது. முதுகுக்கு ஒரு போர்வை வந்தது. பாதி பின்னிய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, மசயோ அவர் தோளில் வைத்து அளவுகூடப் பார்த்தாள். எதற்கு இந்தத் திடீர் உபசாரம்? குடிக்க வைத்து வாயைப் பிடுங்கப் பார்க்கிறார்களா? இந்தச் சங்கதியைக் குரமோச்சி வீட்டுக்குப் போய் விற்பார்களா?

இரண்டாவது கிண்ணம் உள்ளே போனதும் தெய்ஜி பாட ஆரம்பித்தார். பாட்டு வரவில்லை. இந்த ஊர் ஆண்கள் எல்லோருமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தெராவோ படுக்கப் போனார். அலமாரிக் கதவில் முதுகை வைத்துக்கொண்டே தூங்கினார்.

காலையில் பனி விட்டு வெயில் அடித்தது. புறப்படும்போது தெராவோ கேட்டார்: "என் கணக்கு எவ்வளவு?"

"கணக்கா?" என்று மசயோ பதறிப்போனாள். "உங்ககிட்டப் போயி... அதெல்லாம் வேண்டாம். அதாவது, அப்புறம். அப்புறம் பார்த்துக்கலாம்."

"நான் திரும்பி வருவேன்னு யார் சொன்னா?"

கணவனும் மனைவியும் சிரித்தார்கள். காசு வேண்டாம் என்கிற விடுதிக்காரர்கள்! போதாக்குறைக்கு, மூங்கில் இலையில் கட்டிய பொட்டலம் ஒன்றை மசயோ அவர் கையில் திணித்தாள். "வழியில சாப்பிடுங்க. நானே பிடிச்சது. நல்லா இருக்கோ இல்லையோ, தெரியலை." சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது ஒரு தினுசாக இருந்தது. தெய்ஜி வாசலிலிருந்து கும்பிட்ட கும்பிடோ, விருந்தாளிக்குப் போடும் கும்பிடைவிட ஒரு முழம் ஆழமாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் தெராவோ செய்த முதல் காரியம் மகளுக்கு ஃபோன் போட்டதுதான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பசி எடுத்தது. பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று சோற்று உருண்டைகள். மோந்து பார்த்தார். விஷவாடை ஒன்றும் இல்லை. ஒரு கடி கடித்தார்.

இனித்தது.

மெல்லுவதை நிறுத்தினார். மறுபடியும் மென்றார். சர்க்கரை, சந்தேகமே இல்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத பெண்டாட்டியை வைத்துக்கொண்டு, இந்த விடுதிக்காரன்தான் ஊரார் ஊறுகாயைக் குறை சொல்ல வந்துவிட்டான்! அப்படி நினைத்தாரே தவிர, ஏனோ இன்னொரு கடியும் கடித்தார். கண் கலங்கியது.

"அப்பா? காலங்காத்தால எங்க போயிட்டீங்க?" என்றது ஃபோன்.

"சிஹாரு, நான் சொல்றதை முதல்ல கேளு," என்றார் வாய் நிறையச் சோற்றோடு. "அந்தக் குரமோச்சி சம்பந்தம் வேண்டாம். நான் விசாரிச்சுட்டேன். அக்கம்பக்கத்துக்காரங்களே காறித் துப்பறாங்க."

"என்னப்பா சொல்றீங்க? யாரு துப்பினா? ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? என்ன சாப்பிடறீங்க?"

பதில் சொல்வதற்குள், பாதையில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். நேற்றைக்கு ஜன்னலில் பார்த்த அதே முகம். கையில் அதே தோமியா குடை. வந்த வேகத்தில் பனியில் சறுக்கி நின்று, குனிந்து குனிந்து வணங்கினாள்.

"மன்னிக்கணுங்க ஐயா, மன்னிக்கணும்! நான்தான் தோமிகோ. தோமியா விடுதி என்னோடதுதான்."

"உங்களோடதா?"

"நேத்து மத்தியானம் எங்க தண்ணிக்குழாய் உறைஞ்சு வெடிச்சு, வீடு பூரா வெள்ளம். சொல்லிட்டு வந்த விருந்தாளியைப் பனியில திருப்பி அனுப்பினா எங்க பேரு என்னாகறது? பக்கத்து வீட்டு அக்கா கால்ல விழாத குறையா கெஞ்சினேன், ஒரே ஒரு ராத்திரி விடுதி மாதிரி இருந்துருங்கக்கான்னு. கூரை வேயறதுன்னாலும் சரி, விருந்தாளின்னாலும் சரி, இங்க ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எல்லாரும் கை குடுப்போம். ரெண்டு பேருக்கும் நடிக்கத்தான் வராது. ரொம்பச் சிரமப்பட்டீங்களா?"

தெராவோ மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். தூரத்தில், அந்த ஒழுகும் வாசலில், தெய்ஜி பெயர் எழுதிய கையகல மரப்பலகை ஒன்றைப் பழைய இடத்தில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது..." என்றார். "அது யாரு வீடு?"

"அப்பா! அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றது ஃபோன்.

தோமிகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குரமோச்சி வீடுதாங்க; 'நாம நம்ம பையனை எப்படித் திட்டறமோ அப்படியே அவரும் அந்தப் பொண்ணைத் திட்டறாரு, சிநேகிதராவது ஒண்ணாவது, இவரு பெத்த அப்பாவேதான்'னு சொல்லிக்கிட்டு, சோத்து உருண்டைக்குப் போட வீட்டுல சர்க்கரை பத்தலைன்னு விடியறதுக்கு முன்னாடியே மசயோ அக்கா எங்கிட்ட வந்து நின்னாங்க!"